குறை எண் பதின்மூன்று

விற்கிறவன் குறையைச் சொல்ல மாட்டான், வாங்குகிறவன் நிறையைச் சொல்ல மாட்டான். கடைத்தெரு என்று ஒன்று ஏற்பட்ட நாளிலிருந்து வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது. யார் குடியும் முழுகிப் போகவில்லை. இரண்டையும் ஒரே ஆள் சொன்னால் நாட்டுக்கு நல்லது என்று யாருக்கோ ஒரு மதியம் தோன்றியிருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு தோன்றுகிற யோசனைகளைத் தூங்கி எழுந்ததும் மறந்துவிடுவதுதான் வழக்கம். இதை மட்டும் மறக்காமல் ஐந்து மாடிக் கட்டடம் கட்டி உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள்.

தொடர்கள் நிறைகுறைச் சமன் வாரியம் என்று அதற்குப் பெயர். தொலைக்காட்சித் தொடர் எதுவானாலும் அதில் எத்தனை நிறையோ அத்தனை குறை இருந்தாக வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கடைசிப் பகுதி வெளியே வராது. நிறை அதிகமானால் ஜனங்கள் வேலைக்குப் போகாமல் தொலைக்காட்சி முன்னாலேயே உட்கார்ந்துவிடுவார்களாம். குறை அதிகமானால் எழுந்து போய் வேறு எதையாவது யோசிக்கத் தொடங்கிவிடுவார்களாம். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து என்று வாரியத்தின் முகவுரையில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறது.

அலறல் அக்காவுக்கு இப்படி ஒரு வாரியம் இருப்பதே தெரியாது. அவள் டப்பிங் ஸ்டுடியோவில் பேய்க்குக் குரல் கொடுக்கிறவள். குரல் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். ‘புகைவாள் வீரன்’ என்ற அனிமே கார்ட்டூன் தொடரில் ஒரு பாலம் உண்டு. பாலத்தை மறித்துக்கொண்டு ஒரு பேய் நிற்கும். புகையால் ஆன வாளை ஓங்கிக்கொண்டு கதாநாயகப் பையன் அந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும். நாற்பதடிப் பாலம். எழுபத்தாறு பகுதிகளாகக் கடந்துகொண்டிருந்தான்.

பேய் பேசாது. அலறும். அந்த அலறல்களில்தான் அக்காவின் மூன்று வருடம் போயிருந்தது. அவளிடம் ஒன்பது வகை இருந்தது. வெட்டுப்பட்டால் ஒன்று, வெட்டுப்படப் போகிறோம் என்று தெரிந்தால் ஒன்று, வாளை ஓங்கிய பையன் பாதியில் தன் பால்ய நினைவுகளில் மூழ்கிவிட, வெட்டு வந்து சேரும்வரை பேய் காத்துக்கொண்டிருப்பதற்குத் தனியாக ஒன்று. இந்தக் கடைசி வகைக்குத்தான் வேலை அதிகம்.

தொழிலாளர் சங்கத்தில் இரண்டு அட்டை உண்டு: குரல் அட்டை, ஓசை அட்டை. ஒளிபரப்பில் ஒரு வரி வசனம் பேசியிருந்தால் குரல் அட்டை. குரல்காரர்களுக்கு ஸ்டுடியோவில் நாற்காலி போடுவார்கள். ஓசைக்காரர்கள் நடைவழியில் நிற்க வேண்டும். தொடரின் முடிவில் பெயர்ப்பட்டியல் ஓடும்போது அக்காவின் பெயர் ‘ஓசைகள்’ என்ற தலைப்பின்கீழ், கதவுக்கும் நாய்க்கும் நடுவில் வரும். நாய்க்குக் குரைப்பவர் அவளைவிடப் பதினைந்து வருடம் மூத்தவர். ஆனாலும் அகர வரிசை என்று ஒன்று இருக்கிறதே.

அவள் மாமியாருக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. மருமகள் தொலைக்காட்சியில் இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள். “எந்தக் குரல்?” என்று கேட்டால், “சத்தம் வந்ததும் நீங்க வால்யூமைக் குறைப்பீங்கல்ல, அது” என்று சொல்ல வேண்டியிருந்தது.

இப்படி இருக்கையில்தான் ஸ்டுடியோ மேனேஜர் ஒருநாள் ஒரு தாளை நீட்டினார்.

“அக்கா, இந்தத் தடவை உனக்கு வசனம் இருக்கு.”

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு வரி: பார்த்து வெட்டுப்பா, எனக்கும் வலிக்கும்.

“பேய் பேசுமா?”

“கடைசிப் பகுதியில பேசுதாம். அதைக் கேட்டதும் பையன் வாளைக் கீழ போட்டுட்டு அழுதுடுறான். அதோட கதை முடிஞ்சுது.”

“பாலம்?”

“கடக்கவே இல்ல.”

அக்கா தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மூன்று வாரம் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்த ஒரு வரியைப் பழகினாள். கோபமாகச் சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில், முடி வெட்டுகிறவரிடம் கத்தரி காது பக்கம் வந்ததும் சொல்வோமே, அந்த மாதிரி சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தாள். அவள் கணவன், லிஃப்ட் பழுது பார்க்கிறவன், வாசல்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவன், அப்படியே ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டான். மாமியார் காய் நறுக்கும்போது கத்தியை மெதுவாக இறக்கப் பழகிவிட்டாள். அடுத்த வாரமே பதிவும் முடிந்தது. இனிக் கடைசிப் பகுதி வெளியாக வேண்டியதுதான், அக்காவுக்குக் குரல் அட்டை.

அப்போதுதான் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது.

“நீதான்க்கா போகணும்,” என்றார் மேனேஜர். “விதி ஒன்பது. வர்ற ஆளுக்குத் தொடர்ல பங்கு இருக்கணும், ஆனா இதுவரைக்கும் வசனம் பேசியிருக்கக் கூடாது. பேசத் தெரிஞ்சவங்க வந்தா ஃபைல் தடிச்சுப் போகுதாம்.”

“நாய் அண்ணன் இருக்காரே.”

“அவரு போன தொடருக்குப் போனாரு.”

“என்னாச்சு?”

“இன்னும் வரல.”

வாரியத்தின் கட்டடத்துக்கு இரண்டு பக்கம். வலது பக்கம் நிறைப் பிரிவு, இடது பக்கம் குறைப் பிரிவு. இரண்டுக்கும் தனித்தனி மாடிப்படி, தனித்தனித் தண்ணீர்க் குழாய். வாசல் காவலர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

“நிறையா, குறையா?”

“ரெண்டும்தாங்க.”

“அப்ப ரெண்டு போட்டோ வேணும். சிரிச்ச மாதிரி ஒண்ணு வலது பக்கத்துக்கு. சிரிக்காம ஒண்ணு இடது பக்கத்துக்கு.”

அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. அதில் அவள் சிரிக்கிறாளா இல்லையா என்று காவலர் வெகுநேரம் ஆராய்ந்தார். பிறகு அதை நடுவில் கிழித்து, பாதியை வலது சீட்டிலும் மீதியை இடது சீட்டிலும் ஒட்டிக்கொடுத்தார். “முதல் தடவை வந்திருக்கீங்க, அதனால விட்டுத் தர்றேன்” என்றார்.

விசாரணை மூன்றாம் மாடி மண்டபத்தில் நடந்தது. நடுவில் தலைவர். அவருக்கு வலப்புறம் நிறை அதிகாரி, பிறந்ததிலிருந்தே பாராட்டிக்கொண்டிருப்பவரைப் போன்ற முகம். இடப்புறம் குறை அதிகாரி, அறைக்குள் வந்ததும் மூக்கைச் சுருக்கி மின்விசிறியைப் பார்த்த அம்மாள். சுவரோரம் இரண்டு உதவியாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன வேலை என்று அக்காவுக்கு முதலில் புரியவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

“முதல்ல ஒண்ணு சொல்லிடுறேம்மா. எங்கள்ல யாரும் உங்க தொடரைப் பாத்ததில்ல. அதனால பயப்படாம பேசலாம்.”

“பாக்காம எப்படிங்க ஐயா நிறைகுறை சொல்லுவீங்க?”

“பாத்தா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும்மா. எங்கள்ல ஒருத்தர் போன வருஷம் ஏதோ கவனக்குறைவா அரைமணி நேரம் ஒரு தொடரைப் பாத்துட்டாரு. அவருக்குப் பிடிச்சுப் போச்சு. நல்ல மனுஷன். இப்ப பதிவேட்டு அறையில இருக்காரு. நாங்க, பாத்தவங்ககிட்ட கேட்டவங்க எழுதின சுருக்கத்தைத்தான் படிப்போம். அதையும் ஆளுக்குப் பாதிதான்.”

நிறை அதிகாரி எழுந்து தன் பட்டியலை வாசித்தார். சண்டைக் காட்சிகளில் வாளிலிருந்து கிளம்பும் புகை ஒவ்வொரு இழையாக வரையப்பட்டிருக்கிறது, அது ஒரு நிறை. தோற்றுப்போன எதிரிகள் எல்லாரும் மறுவாரம் நண்பர்களாகிவிடுகிறார்கள், அது மனித நேயம். பின்னணி இசை கேட்டால் படுத்திருப்பவன் எழுந்து உட்காருவான். பையன் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் அந்த வெட்டின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வெட்டுகிறான்.

“இது வெளிப்படைத்தன்மை,” என்றார் நிறை அதிகாரி. “எதிராளிக்கு முன்னறிவிப்பு குடுக்கிறான். மாநகராட்சிகூட கட்டடத்தை இடிக்கிறதா இருந்தாத்தான் அவ்வளவு தெளிவா நோட்டீஸ் குடுக்கும்.”

“அதேதான் குறை,” என்றார் குறை அதிகாரி. “என்ன செய்யப் போறோம்னு முன்னாடியே சொல்லிட்டுச் செய்யறவன் உருப்படுவானா? தலைவர் அவர்களே, என் ஆட்சேபத்தை மூணு நிமிஷத்துல எழுந்து நின்னு வலது கையை உயர்த்தித் தெரிவிக்கப் போறேன்.”

மூன்று நிமிடம் கழித்து அவர் எழுந்து நின்று வலது கையை உயர்த்தி ஆட்சேபம் தெரிவித்தார்.

வெட்டின் பெயரைச் சொல்வது ஒரு நிறையாகவும் ஒரு குறையாகவும் இரண்டு பக்கமும் எழுதப்பட்டது. பிறகு குறைகள் தொடங்கின. கதையில் ஆட்கள் அதிகம், யாருக்கும் வேலை இல்லை. கதாநாயகி எழுபத்தாறு பகுதிகளாகப் பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. செத்தவர்கள் திரும்பி வருகிறார்கள். கதை நகராத வாரங்களில் எல்லாரும் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள்.

“ஒவ்வொரு எதிரியையும் ஜெயிச்சதும் அவனுக்கு மேல ஒருத்தன் இருக்கிறதா தெரிய வருது,” என்று வாசித்தார் குறை அதிகாரி. “அவனுக்கும் மேல ஒருத்தன். இதுக்கு முடிவே இல்ல. இது எங்கயாவது நடக்குமா?”

தலைவர் தலையாட்டி ஆமோதித்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். “நம்ம முடிவு உங்களுக்குத் திருப்தி இல்லேன்னா மேல்வாரியம் இருக்கும்மா. அங்கயும் ஆகலேன்னா உச்ச வாரியம். அதுக்கும் மேல ஒருத்தர் இருக்காரு, ஆனா அவரை இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல.”

ஒவ்வொரு வரிக்கும் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். பதினோராவது குறை இது: வாள் பாதி வழியில் இருக்கும்போதே பையன் பழைய நினைவுகளில் மூழ்கிவிடுகிறான், அது வந்து இறங்கப் பதினோரு நிமிடம் ஆகிறது. இதற்குக் கையெழுத்துப் போடத் தலைவர் பேனாவை உயர்த்தினார். பேனா தாளுக்கு நான்கு விரற்கடை மேலே வந்து நின்றது.

“இந்தப் பேனா,” என்றார் தலைவர். அவர் பார்வை ஜன்னல் பக்கம் போனது. “நான் இந்த வேலையில சேந்த அன்னிக்கு என் மேலதிகாரி குடுத்தது. மழை பெஞ்சிட்டிருந்துச்சு. அவரு எனக்கு எதிரியாத்தான் இருந்தாரு…”

அப்போதுதான் சுவரோர உதவியாளர்களின் வேலை என்னவென்று அக்காவுக்கு விளங்கியது.

“பாத்தியா, பேனாவை நிறுத்திட்டாரு,” என்றார் ஒருவர், மண்டபம் முழுவதும் கேட்கும்படி.

“இடது கையில பிடிச்சிருக்காரு,” என்றார் மற்றவர். “பதினோரு வருஷமா அவரு இடது கையை எடுத்ததே இல்ல.”

“அப்படின்னா இது வெறும் கையெழுத்து இல்ல.”

“முழுக் கையெழுத்துதான். தேதியோட.”

தலைவர் மேலதிகாரியின் ஓய்வு நாளையும், அவர் கொடுத்த அறிவுரையையும், தான் அதைப் பின்பற்றாமல் போனதையும் சொல்லி முடித்தபோது சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம் ஓடியிருந்தது. பழக்கதோஷம், அக்காவுக்குக் காத்திருக்கும்போது அலறுகிற அலறல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து உள்ளே தள்ளினாள். பேனா இறங்கியது.

பிறகு எண்ணிப் பார்த்தார்கள். நிறை பதினான்கு, குறை பன்னிரண்டு.

குறை அதிகாரி தன் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “எனக்கு இந்த வருஷம் ரொம்பக் கஷ்டம் தலைவர் அவர்களே. போன மாசம் ஒரு தொடருக்கு ஒண்ணுமே கிடைக்காம, திரை தட்டையா இருக்குன்னு எழுதினேன். அதையே எத்தனை தடவை எழுதுறது.”

“அந்தக் கடைசி நிறை என்னது?” என்றார் தலைவர்.

நிறை அதிகாரி வாசித்தார். “பதினாலு. எழுபத்தாறு பகுதி பேசாத பேய் கடைசியில் ஒரே ஒரு வரி பேசுவது. மனத்தைத் தொடுகிறது என்று பார்த்தவரிடம் கேட்டவர் தெரிவிக்கிறார்.”

அக்காவுக்குக் காது சூடானது. மூன்று வருடத்தில் அவள் வேலையைப் பற்றி யாரும் எழுதியது இதுதான் முதல் தடவை.

“அதை எடுத்துடலாமே,” என்றார் தலைவர். “நிறை பதிமூணு ஆயிடும்.”

“குறை பன்னண்டுதானே இருக்கு,” என்றார் குறை அதிகாரி. அடுத்த கணம் அவர் முகம் மலர்ந்தது. அன்று காலையிலிருந்து முதல் தடவையாக. “இல்ல, இருங்க. பேய் பேசலேன்னா பையன் எதுக்கு வாளைக் கீழ போடுறான்? காரணமே இல்லாம போடுறான். அது ஒரு குறை. எனக்குப் பதிமூணு.”

“நிறை பதிமூணு, குறை பதிமூணு,” என்றார் தலைவர். “ஒரே வரியை எடுத்தா ரெண்டு பக்கமும் நேராயிடுது. என் அனுபவத்துல இவ்வளவு அழகா ஒரு கோப்பு முடிஞ்சதே இல்ல.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள். நிறைப் பிரிவும் குறைப் பிரிவும் ஒரே விஷயத்துக்குச் சந்தோஷப்பட்டது வாரிய வரலாற்றில் அதுதான் முதல் தடவை என்று உதவியாளர் ஒருவர் இன்னொருவருக்கு விளக்கினார்.

“ஐயா,” என்று எழுந்தாள் அக்கா. “அந்த வரியை எடுத்துட்டா எனக்குக் குரல் அட்டை கிடைக்காது.”

“அட்டையெல்லாம் எங்க துறையில வராதும்மா.”

“மூணு வருஷமா அலறிட்டு இருக்கேன் ஐயா. அந்த ஒரு வரிதான் நான் பேசினது.”

“அப்படியா,” என்றார் குறை அதிகாரி கூர்மையாக. “வசனம் பேசியிருக்கீங்களா? அப்ப விதி ஒன்பதுப்படி நீங்க இங்க வந்திருக்கவே கூடாது.”

“அந்த வரியைத்தான் எடுத்துட்டீங்களேம்மா,” என்றாள் அக்கா.

குறை அதிகாரி யோசித்தார். “ஆமா. அப்ப வந்திருக்கலாம். உக்காருங்க.”

சாப்பாட்டு நேரம் என்று மண்டபம் கலைந்தது. அக்கா நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே பதிவேட்டு அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு மனிதர் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் தொடர் பார்த்தவர் அவர்தான் என்று தானாகவே சொன்னார்.

“உங்க விஷயத்தைச் சொல்லிட்டுப் போனாங்க,” என்றார். “கெஞ்சினா நடக்காதும்மா. அவங்களுக்குக் கணக்கு நேரா இருக்கணும், அவ்வளவுதான். வரி நிறையில இருக்கிற வரைக்கும் எடுத்துடுவாங்க. அதே வரி குறைப் பக்கம் போச்சுன்னா?”

அக்கா விரல்விட்டு எண்ணினாள். நிறையில் ஒன்று போனால் பதிமூன்று. குறையில் ஒன்று கூடினால் பதிமூன்று. எதையும் எடுக்க வேண்டாம்.

“நான் பேசினது மோசம்னு நானே நிரூபிக்கணுமா?”

“இங்க அதுக்குத்தான் மதிப்பு,” என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தத் தொடர்ல கடைசியில பேய் என்னதான் சொல்லுது?” என்று கேட்டார். “வாங்கின அடி போதும், கேக்கக் கூடாதுதான். இருந்தாலும் கேக்கறேன்.”

“கடைசிப் பகுதி வரட்டும் அண்ணே,” என்றாள் அக்கா.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கோரிக்கையைக் கேட்டதும் குறை அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. தன் தரப்பு வேலையைத் தானே கேவலம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து நிற்பது அவர் பணிக்காலத்தில் நடந்ததில்லை. வருகிறவர்கள் எல்லாரும் சரக்கைத் தூக்கிப் பிடிப்பார்கள், இவர் தட்டித் தட்டி இறக்க வேண்டும். இன்று சரக்கே தானாக இறங்கி வந்திருக்கிறது.

“நேர்முக நிரூபணம் வேணும்,” என்றார் தலைவர். “பேசிக் காட்டுங்க.”

அக்கா நடு மண்டபத்தில் போய் நின்றாள். ஒரு வரியைக் கெடுப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருடம் நடைவழியில் நின்று குரல்காரர்களைக் கேட்டிருக்கிறாள். மூக்கால் பேசினாள். ‘பார்த்து’ என்பதை ரயில் அறிவிப்பு மாதிரி நீட்டினாள். ‘வெட்டுப்பா’வில் விம்மினாள். ‘வலிக்கும்’ என்பதை மூன்றாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கை நெஞ்சில் வைத்தாள். நெஞ்சில் வைக்கக் கை போதவில்லை.

முடித்துவிட்டு நிமிர்ந்தாள். தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அடடா,” என்றார். “அடடா.”

“இப்படிப்பட்ட நடிப்பை இந்த மண்டபத்துல நான் கேட்டதே இல்ல,” என்றார் நிறை அதிகாரி. “இதை ரெண்டு நிறையா எழுத அனுமதி கேட்கிறேன்.”

“நிறை பதினஞ்சு,” என்றார் சுவரோர உதவியாளர் திகிலோடு. “இந்த அளவுக்கு ஏறி நான் பாத்ததில்ல.”

அக்கா அறிந்த கெட்ட நடிப்பெல்லாம் இதோடு சரி. கையில் மிச்சம் இருந்தது சமையலறையில் பழகிய அந்த ஒன்றுதான். அதை இங்கே எடுப்பதாக அவளுக்கு எண்ணமில்லை. அதை ஒளிபரப்பில் எல்லாரும் கேட்க வேண்டும் என்று பொத்தி வைத்திருந்தாள். ஆனால் ஒளிபரப்பு என்று ஒன்று நடந்தால்தானே.

“இன்னொரு தடவை சொல்றேன் ஐயா,” என்றாள்.

கையைத் தொங்கவிட்டாள். யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. தலைவரின் பேனா இருந்த பக்கம் லேசாகத் திரும்பி, சாதாரணமாக, ரொம்ப நேரம் நின்றுவிட்ட ஒரு மனுஷி கேட்கிற மாதிரி சொன்னாள்.

“பார்த்து வெட்டுப்பா. எனக்கும் வலிக்கும்.”

சுவரோர உதவியாளர்கள் இருவரும் ஒன்றும் விளக்கவில்லை. தலைவர் தான் பிடித்திருந்த பேனாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாக மேசைமேல் வைத்தார். நிறை அதிகாரியின் முகத்திலிருந்து பாராட்டு கழன்றுபோய், அதற்கடியில் இருந்த முகம் தெரிந்தது. அது களைத்துப்போன முகம்.

குறை அதிகாரிதான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

“எனக்குப் பயமே வரல,” என்றார். அவர் குரல் கொஞ்சம் பிசிறியது. “பேயைப் பாத்தா பயம் வரணும். எனக்குப் பாவமா இருந்துச்சு. இது கண்டிப்பா குறை.”

“எனக்கு வேற ஒண்ணு ஆச்சு,” என்றார் தலைவர். “யார்கிட்டயோ மன்னிப்புக் கேட்கணும் போல இருந்துச்சு. இந்த நாற்காலியில உக்காந்த முப்பது வருஷத்துல எனக்கு அப்படித் தோணினதே இல்ல. தோணக் கூடாது. தோண ஆரம்பிச்சா எங்கே போய் நிக்கும்? பழைய கோப்பையெல்லாம் எடுக்கணும்.” அவர் நிறை அதிகாரியின் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் பாராட்ட மறந்துட்டேன் ஐயா,” என்றார் நிறை அதிகாரி. “வாயே வரல. பாராட்ட வராத ஒண்ணை நான் என் பக்கம் வெச்சுக்க முடியாது. அவங்களே எடுத்துக்கட்டும்.”

தீர்ப்பு எழுதப்பட்டது. குறை எண் பதின்மூன்று: மேற்படி வசனம் கேட்போரின் கவனத்தைக் கலைத்து, பணியிலிருக்கும் அதிகாரிகளை மன்னிப்புக் கேட்கத் தூண்டுகிறது. நிறை பதின்மூன்று, குறை பதின்மூன்று. வசனம் நீடிக்கலாம். சான்றளிக்கப்பட்ட குறை என்பதால் இரண்டு நிபந்தனைகள். வசனம் வரும்போது திரையின் கீழே ‘இவ்விடம் குறை’ என்று வாரியத்தின் முத்திரையோடு காட்ட வேண்டும். பெயர்ப்பட்டியலிலும் அந்தக் கலைஞரைக் குரல்களோடோ ஓசைகளோடோ கலக்காமல், ‘குறைகள்’ என்ற தனித் தலைப்பில் போட வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. அக்கா வீட்டில் கணவனும் மாமியாரும் அக்கம்பக்கத்துப் பெண்கள் நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். பையன் வாளை ஓங்கினான். திரையின் கீழே ‘இவ்விடம் குறை’ என்று முத்திரை வந்தது. பேய் பேசியது. பையன் வாளைக் கீழே போட்டான். பக்கத்து வீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “கீழ என்னமோ எழுதியிருந்துச்சே, என்ன அது?” என்று கேட்டாள்.

“அது மத்தவங்களுக்கு,” என்றாள் மாமியார்.

பெயர்கள் ஓடின. குரல்கள் என்று ஒரு பெரிய கூட்டம் ஓடியது. ஓசைகள் என்று கதவும் மழையும் நாயும் ஓடின. பிறகு திரை கறுத்தது. ‘குறைகள்’ என்ற தலைப்பின்கீழ், திரை நடுவில், பெரிய எழுத்தில், அக்காவின் பெயர் மட்டும் வந்து நின்றது. விதிப்படி பத்து விநாடி நிற்க வேண்டுமாம்.

“தனியா போட்டிருக்கான் பாரு,” என்றாள் மாமியார். “மத்தவங்கள எல்லாம் மொத்தமா தள்ளிட்டான்.”

சங்கத்தில் குரல் அட்டை கொடுக்கலாமா என்று மூன்று நாள் விவாதித்தார்கள். பேசியது உண்மை, ஆனால் பேசியது குறை. முடிவுக்கு வராமல் ஒத்திவைத்தார்கள். அக்கா அந்த நடைவழிக்கே திரும்பிப் போய் நின்றாள்.

நான்காம் நாள் ஸ்டுடியோவுக்கு ஒரு தொலைபேசி வந்தது. வேறொரு நிறுவனத்தின் மேனேஜர். இவர்கள் மேனேஜரைக் கேட்கவில்லை, அக்காவைக் கேட்டார்.

“எங்க தொடர்ல குறையே சேர மாட்டேங்குதுக்கா. ஆவி வேட்டைக்காரன் கதை, அம்சமா வந்திருக்கு. வாரியத்துல ஒன்பது நிறை எழுதிட்டாங்க, குறை எட்டுதான். கடைசிப் பகுதி நாலு மாசமா கிடக்குது. நீங்கதான் நாட்டுலயே முத்திரை குத்தின ஒரே குறையாம். ஒரு வரி பேசிட்டுப் போனீங்கன்னா…”

மறுநாள் மூன்று நிறுவனங்கள் கூப்பிட்டன. அதற்கடுத்த நாள் ஏழு. நடைவழியில் நின்றுகொண்டே அக்கா எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவர் ஒரு வரி என்று ஆரம்பித்து, அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததால் தானாகவே ஒரு பக்கத்துக்கு வந்தார். விலை பேசும்போது வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய திறமை என்பது பேசி அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். மூன்று வருடம் வசனமே இல்லாமல் இருந்தவளுக்கு அது தண்ணீர்பட்ட பாடு.

அவளுடைய மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றார். அவர் கையில் புதுத் தொடர் ஒன்றின் தாள் கட்டு இருந்தது.

“அக்கா, நம்ம தொடரை மறந்துடாதே. இதுல நிறை இருபத்திரண்டு வருமாம், விசாரிச்சுட்டேன். குறைப் பக்கம் ஒண்ணுமே இல்ல. உனக்கு ஒரு காட்சி வெச்சிருக்கேன்.”

“இருபத்திரண்டு நிறைக்கு ஒரு காட்சியா?”

“ரெண்டு?”

அக்கா தாள் கட்டை வாங்கிக் கையில் எடை பார்த்தாள். முதல் பக்கத்தைப் புரட்டினாள். ஒரு பெண் மலையேறி வந்து ஆயிரம் ஆவிகளோடு தனியாகப் பேசுகிற கதை. பக்கத்துக்குப் பக்கம் அவள் பேச்சுதான்.

“இதுல கதாநாயகி யாரு பேசுறா?”

“அதுக்கு ஒரு பெரிய குரல்காரங்கள…” என்று ஆரம்பித்த மேனேஜர், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். மனதுக்குள் இருபத்திரண்டைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். “கதாநாயகியேவா?”

“இருபத்திரண்டு குறை வேணும்னா ஒரு பேயால முடியுமா?” என்றாள் அக்கா.

மேனேஜர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு நாற்காலி இருந்தது.